நண்டுக்கு மூன்று காசு

தார்த்துவில் இரவுப்பணி.
ஆறு உறைந்து நான்கு நாள்.
ஹீட்டரின் மேல் என் காலுறைகள் காய்கின்றன.

திரையில் ஒரு சிவப்புக் கொடி:
சதுப்பு நிலத்தில் ஒருவன்
ஒன்பது மணி நேரமாய் நண்டு கொல்கிறான்.
நண்டுக்கு மூன்று காசு.
அதே பாறை, அதே வீச்சு.
மனிதன் இல்லை, நிரல்,
என்கிறது எங்கள் சல்லடை.
தடைசெய்யும் பொத்தான்
விரலுக்கடியில் வெதுவெதுப்பாக இருக்கிறது.

பதிவுகளைப் புரட்டினேன்.
நிரல் இப்படித் தடுமாறாது.
இவன் தினமும் நடுவில் அறுந்துபோகிறான்,
ஒருநாள் இரண்டேகாலுக்கு, மறுநாள் ஐந்துக்கு,
வாள் உயர்ந்தபடியே, பாதி வீச்சில்.
திரும்பி வந்ததும்
முதல் நான்கு நண்டுகளைக்
குறி தவறுகிறான்,
கை வியர்த்தவன் போல.
இணைப்பு மராக்காய்போவிலிருந்து.
தேடிப் பார்த்தேன்:
ஏரி, எண்ணெய், வெயில்.
அப்புறம் பக்கம் பக்கமாய் மின்வெட்டு.

சாம்பல் அங்கி மாட்டிக்கொண்டு
சதுப்பில் இறங்கினேன்.
இருக்கிறீர்களா?
நாற்பது நொடி.
இருக்கிறேன். அடுப்பில் பீன்ஸ்.
கேள்விக்கும் காசு பிடிப்பீர்களா?

பெயர் நெரியோ.
முன்பு படகு எஞ்சின் பழுது பார்த்தவன்.

அந்த வாரம்தான் கிணற்று விவகாரம்.
வடக்குக் கோட்டைக்குப் பின்னால்
பாசி பிடித்த ஒரு கிணறு.
பணப்பையை உள்ளே போட்டு
அது விழுகிற கணத்தில்
சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினால்
மறுபடி வரும்போது இரண்டு பை.
கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள்.
இங்கே பூதம்
சில்லறையாய்க் கிளம்பியது.
புதன்கிழமை ஒரு ரொட்டி பன்னிரண்டு காசு.
சனிக்கிழமை தொள்ளாயிரம்.
நெரியோவின் ஒன்பது மணி நேரம்
அரை முட்டைக்குக் காணவில்லை.

கிணற்றை மூடச் சொல்லி எழுதியவள் நான்தான்.
எழுதும்முன் ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.
சோதனை.
இரண்டாம் முறை போட்டதற்கு
என்னிடம் பெயர் இல்லை.
பை தண்ணீரில் விழும் சத்தம் பிடித்திருந்தது,
அவ்வளவுதான்.
அந்தப் பை இன்னும் என் பெட்டியில்.
திறக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

காலையில் உர்மாஸ் தீர்ப்பு எழுதினான்.
கிணற்றுக்காரர்கள் ஒரு வாரம் வெளியே;
சந்தா கட்டுகிறவர்கள், பாவம், ஆசைப்பட்டுவிட்டார்கள்.
நண்டுக்காரன் நிரந்தரமாக.
காசை டாலருக்கு விற்கிறான், ஏழாம் விதி.
மீறவில்லை என்கிறாயா?

மீறினான்.
நான் கேட்டபோது மறைக்கவும் இல்லை.
பிடித்ததை விற்காமல்
நண்டை நானே தின்பதா,
என்று எழுதினான்.
கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்:
தடை போடுவதானால்
வியாழனுக்குப் பிறகு போடுங்கள்,
அன்றுதான் கேஸ் சிலிண்டர் வரும்.

உர்மாஸிடம் சொன்னேன்,
இன்னும் சரிபார்க்கிறேன்.
முதல் பொய்.
இல்லை, கிணற்றைச் சேர்த்தால் இரண்டாவது.

இன்று புதன்.
மணி மூன்று பத்து.
சதுப்பில் அவன் சட்டென்று நின்றுவிட்டான்,
வாள் தலைக்கு மேலே.
அங்கே மின்விசிறியும் நின்றிருக்கும்.
அறுந்தவனின் உடல்
ஒரு நிமிடம் இங்கேயே கிடக்கும்,
அது எங்கள் விதிகளில் ஒன்று.
நண்டுகளுக்கு அது தெரியும்.
நாலாபுறமும் வந்தன.

பணியாளர்கள் விளையாட்டில் தலையிடக் கூடாது.
அதற்கு எண் ஞாபகம் இல்லை.

அவனுக்குப் பக்கத்தில் நின்று
அறுபது நொடி நண்டு கொன்றேன்.
கை வலித்தது. நிஜக் கை.
பதினொரு நண்டு, முப்பத்துமூன்று காசு
சேற்றில் மினுங்கிக்கொண்டு கிடந்தது,
அவனுடையதும் அல்ல
என்னுடையதும் அல்ல.
கீழே விழுந்த காசு
இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும்.

குனியாமல்
பார்த்துக்கொண்டே நின்றேன்.
ஹீட்டரில்
காலுறை கருகும் வாசனை.